வடசென்னையில் டைனோசர் கிடைக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்து அறிவியல் பேசுவது எங்கள் வழக்கம். எந்தத் தலைப்பில் ஆரம்பித்தாலும் பேச்சு டைனோசரில் வந்து நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் விடுவதில்லை, வாசலில் நின்றபடியே கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

நம்ம ஏரியாவுல மண்ணுக்கு அடியில டைனோசர் எலும்பு இருக்குமா?

கிடைத்ததாக இதுவரை பதிவு இல்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் மேலே இருப்பது ஆறும் கடலும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும்தான். புவியியல் கணக்கில் அது நேற்றைய மண். பறவைகளைத் தவிர மற்ற டைனோசர்கள் எல்லாம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துபோனவை.

ஆனால் டைனோசர் காலத்துப் பாறையே நம் பக்கம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆவடி, ஸ்ரீபெரும்புதூர், சத்தியவேடு பகுதிகளில், டைனோசர் யுகத்தின் கடைசிக் கட்டமான கிரிட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தில் படிந்த களிப்பாறையும் மணற்பாறையும் உண்டு. ஆவடியின் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கை அழைக்கிறார்கள். இந்தியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து, நம் கிழக்குக் கடற்கரை உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. கார் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் களிப்பாறையைத் தகடு தகடாகப் பிரித்தால் இலைப்பதிவுகள் கிடைக்கும். நடுவில் ஒரு காம்பு, இருபுறமும் சீப்புப் பல் வரிசையில் சிற்றிலைகள். டிலோஃபில்லம் என்ற அந்தச் செடியினத்தையும் அதன் கூட்டாளிகளையும் ஆட்டோகர் ஃபைஸ்ட்மான்டல் 1879இல் விவரித்து எழுதினார். கொஞ்சம் கடல் சிப்பிகளும், அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிர்களும்கூட அங்கே வந்திருக்கின்றன. செடி இருந்தது, கடல் இருந்தது, எலும்பு மட்டும் மாட்டவில்லை.

எங்க வீட்டுல போர் போட்டப்போ சிப்பி சிப்பியா வந்துச்சே, அது ஃபாசில் இல்லையா?

பழைய சிப்பிதான், ஆனால் டைனோசரோடு சம்பந்தம் இல்லாதது. சுமார் ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் உயர்ந்திருந்தது. இன்றைய கரையைத் தாண்டி உள்ளேயும் உப்பங்கழி இருந்தது. பழவேற்காடு ஏரியையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் பார்த்தால் அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும். போர் மண்ணில் வரும் சிப்பி பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. கழுவி வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல பொருள்.

அத்திரம்பாக்கத்துல லட்சக்கணக்கான வருஷத்துப் பொருள் கிடைச்சதா பேப்பர்ல வந்ததே, அது டைனோசர் காலமா?

இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அத்திரம்பாக்கத்தில் கிடைத்தவை ஆதிமனிதர்களின் கல் ஆயுதங்கள். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011இல் வெளியிட்ட கணிப்பின்படி அவற்றில் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை. அந்த மனிதர்களுக்கும் கடைசி டைனோசருக்கும் நடுவே ஆறு கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி.

ஆனாலும் ஒரு தொடர்பு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு. அந்த ஆயுதங்கள் குவார்ட்சைட் கூழாங்கற்களால் ஆனவை. அந்தக் கூழாங்கற்கள் வந்தது அல்லிக்குழி மலைப்பக்கத்துக் கூட்டுப்பாறையிலிருந்து. அந்தக் கூட்டுப்பாறை கிரிட்டேசியஸ் காலத்தது. டைனோசர் உலவிய காலத்தில் ஆறு உருட்டிச் சேர்த்த கல்லை, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து ஒரு கை எடுத்துச் செதுக்கியிருக்கிறது. அத்திரம்பாக்கத்தில் ஆயுதங்கள் புதைந்திருந்த களிமண்ணுக்குக் கீழே இருப்பதும் ஆவடி அடுக்கின் களிப்பாறைதான். இதெல்லாம் கொசஸ்தலையாற்றுப் படுகை. அந்த ஆறு எண்ணூரில் வந்துதான் கடலில் விழுகிறது.

அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில், அதாவது ஜி.எஸ்.ஐ.யில், 1858இல் சேர்ந்தவர். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் முதல் கல் ஆயுதத்தை எடுத்தார். அதே ஆண்டு வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கம் வந்தார். சென்னையைச் சுற்றியுள்ள பாறைகளை வரைபடமாக்கியதும் அவர்தான். ஏற்காட்டில் அவருடைய கல்லறை இருக்கிறது.

சரி, தமிழ்நாட்டுல டைனோசர் எங்கதான் கிடைச்சுது?

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்கள் சேரும் பகுதியில். எழும்பூரில் ரயில் ஏறினால் விழுப்புரம், விருத்தாசலம் தாண்டி அரியலூர். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

கிரிட்டேசியஸ் காலத்தில் வங்கக்கடல் அதுவரை உள்ளே வந்திருந்தது. வருவதும் பின்வாங்குவதுமாக நாலைந்து கோடி ஆண்டுகள் ஓடின. ஒவ்வொரு முறையும் சேறு, மணல், சுண்ணாம்பு என்று ஓர் அடுக்கு படிந்தது. அதனால் அங்கே கிடைப்பதில் பெரும்பகுதி கடல் உயிர்கள். காரை கிராமத்துக்கு வெளியே ஓடை அரித்த மேட்டுநிலம் இருக்கிறது. மரம் மட்டை இல்லாத களிமண் குன்றுகள், அவற்றில் வெயிலில் பளபளக்கும் ஜிப்சம் பட்டைகள். மழை பெய்து மண் கரைந்த பிறகு போனால், பெலம்னைட் என்ற கணவாய்ச் சொந்தக்காரரின் உட்கூடுகள் விரல் நீளத்துக்கு, கூர் முனையோடு தரையில் சிதறிக் கிடக்கும். பக்கத்திலேயே சுருள் சுருளாக அம்மோனைட்கள்.

நில விலங்குகளின் எலும்பு வருவது கடைசி அடுக்கில், கல்லமேடு என்ற ஊர்ப் பக்கம். கடல் விலகி ஆறுகள் ஓடிய காலத்து மண் அது. டைனோசர்களின் கடைசிச் சில பத்து லட்சம் ஆண்டுகளைச் சேர்ந்தது.

கல்லமேட்டைக் கல்லக்குடி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1953 போராட்டத்தால் எல்லாருக்கும் தெரிந்த கல்லக்குடி, டால்மியாபுரம், வேறு ஊர். அதுவும் இதே வட்டாரம்தான், ஆனால் அங்குள்ள சுண்ணாம்புக்கல் அதைவிட வெகு பழையது, பவளமும் பாசியும் கட்டியது. அரியலூருக்கு அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி மேல் சிப்பியாக அடுக்கியிருக்கும். அந்தக் கல்தான் அரைபட்டுச் சிமெண்ட் ஆகிறது. நம் தெருவில் எழும்பும் மாடி வீடுகளில் பழைய கடல் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று சொன்னால் கொத்தனார் ஒருவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல்ல கண்டுபிடிச்சது யாரு?

1840ஐ ஒட்டிச் சென்னை அரசுப் பணியில் இருந்த சி.டி. கேய், புரூக் கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சிப்பிகளையும் அம்மோனைட்களையும் சேகரித்தார்கள். கேய் அதைப் பற்றிச் சென்னையில் வெளிவந்த இதழில் எழுதினார். பொருட்கள் கப்பலேறி லண்டன் போயின. எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்தார்.

அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். 1857இல் ஜி.எஸ்.ஐ.யின் சென்னைக் குழுவில் இருந்தார். ராயபுரத்திலிருந்து ரயில் ஓட ஆரம்பித்தே ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது, திருச்சிப் பக்கம் தண்டவாளமே கிடையாது. அந்தச் சூழ்நிலையில் அவர் வேலை செய்து 1862இல் வெளியிட்ட அறிக்கையில் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். இன்றும் அதே பிரிவுதான் புழக்கத்தில் இருக்கிறது. அரியலூர்ப் பக்கம் ஊன் தின்னும் டைனோசரின் பல்லையும் எலும்புத் துண்டுகளையும் எடுத்தவர் அவரே. அந்தக் காலத்து வழக்கப்படி மெகலோசாரஸ் என்று பெயர் போட்டார்கள். அப்போது கூரான பல் எது கிடைத்தாலும் மெகலோசாரஸ்தான்.

புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் காசிமேட்டில் வானிலை ஆய்வுத்துறையைத் திட்டாதவர் இல்லை. அந்தத் துறைக்கு 1875இல் முதல் தலைமைப் பொறுப்பேற்றவரும் இதே பிளான்ஃபோர்ட்தான். அப்புறம் அவர் பாறைப்பக்கம் அதிகம் வரவில்லை.

அரியலூர்க் கடல் உயிர்களைத் தொகுதி தொகுதியாக வரைந்து பதிப்பித்த பெருமை ஃபெர்டினான்ட் ஸ்டோலிச்காவுக்கு. மொராவியாவில் பிறந்தவர். 1874இல் யார்க்கந்து பயணத்திலிருந்து திரும்பும்போது லடாக்கில் இறந்தார். இருபதாம் நூற்றாண்டில் சார்லஸ் மேட்லி மறுபடியும் டைனோசர்களைத் தேடிவந்தார். அவருடைய கட்டுரை 1929இல் வந்தது.

இந்தப் பெயர்களோடு மண் வெட்டியவர்கள், வழி காட்டியவர்கள், 'அந்த ஓடையில் எலும்பு மாதிரி கல் கிடக்கிறது' என்று சொன்ன ஆடு மேய்ப்பவர்கள் பெயர் எதுவும் ஏறவில்லை. கண்டுபிடித்தவர் பட்டியலை நான் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூர்ல கிடைச்சதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மையாக இருக்கலாம். நிரூபிக்கத்தான் பொருள் இல்லை.

ஜி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் கல்லமேடு அருகே சில பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். 1987இல் அதற்கு புருஹத்காயோசாரஸ் மேட்லியி என்று பெயரிட்டார்கள். மேட்லி யாரென்று மேலே சொல்லிவிட்டேன். கால் கீழெலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். அர்ஜென்டினாவின் அர்ஜென்டினோசாரஸ் மிகப் பெரியது என்பார்களே, அதன் அதே எலும்பு ஏறக்குறைய 1.55 மீட்டர்தான். இடுப்பெலும்பு 1.2 மீட்டர்.

முதலில் ஊன் தின்னி என்று வகைப்படுத்தினார்கள். ஊன் தின்னியில் இவ்வளவு பெரிய காலா என்று கேள்வி வந்தது. பிறகு தொல்லுயிர் ஆய்வாளர் சங்கர் சட்டர்ஜி அதை நீண்ட கழுத்துள்ள, தழை தின்னும் சாரோபாட் கூட்டத்தில் சேர்த்தார். அதற்குப் பிறகும் சிலர் நம்பவில்லை. படங்கள் தெளிவில்லை, இது எலும்பே இல்லை, கல்லான மரத்துண்டாக இருக்கலாம் என்றார்கள். அது ஒன்றும் அபாண்டம் அல்ல. பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் ஒன்று படுத்திருக்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க எலும்பை எடுத்துப் பார்க்கலாம் என்றால், எலும்பு இல்லை. கல்லமேட்டு எலும்புகள் உதிரும் தன்மையுள்ளவை, சுற்றியிருக்கும் களிமண் ஈரம் பட்டால் ஊதி, காய்ந்தால் வெடிக்கும். வயலில் எலும்பைத் தோண்டினால் கை முறிந்தவருக்குப் போடுவதுபோல மாவுக்கட்டு போட்டுத்தான் தூக்க வேண்டும். இவற்றுக்கும் போட்டார்கள். ஆனால் கட்டுக்குள்ளேயே எலும்பு நொறுங்க ஆரம்பித்து, அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் உருத்தெரியாமல் போய்விட்டது. 2017இல் அய்யாசாமியும் பீட்டர் கால்டனும் எழுதிய கட்டுரையில்தான் இது வெளியே தெரிந்தது. 2022இல் அய்யாசாமி இன்னொருவரோடு சேர்ந்து அந்தக் காலத்துப் புகைப்படங்களை வெளியிட்டார். அவற்றைப் பார்த்தபின் எலும்புதான் என்று ஒத்துக்கொண்டவர்கள் கூடினார்கள். 2023இல் கிரெகரி பாலும் அசியர் லராமெண்டியும் போட்ட கணக்கு, எடை 110 முதல் 130 டன் வரை இருக்கலாம் என்றது. நீலத்திமிங்கிலத்தோடு வைத்துப் பேசும் எடை, அதுவும் தரையில் நடந்த விலங்குக்கு.

என் கருத்தைக் கேட்டால், 'உலகிலேயே பெரியது நம்மூரில்' என்று மீம் போடுபவர்கள் இந்த மாவுக்கட்டுக் கதையையும் சேர்த்துப் போட வேண்டும். எலும்பை இறுக்கும் பசையும், நல்ல கட்டும், மழைக்கு முன் வேலையை முடிக்க ஆட்களும் இருந்திருந்தால் இன்று அந்தக் கால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நின்றிருக்கும்.

திராவிடோசாரஸ்னு ஒண்ணு இருக்காமே?

அதே யாதகிரி, அய்யாசாமி ஜோடி 1979இல் வைத்த பெயர். முழுப்பெயர் திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி. முதுகில் தட்டுகள் வரிசையாக நிற்கும் ஸ்டெகோசர் இனம் என்றார்கள். பிரச்சினை என்னவென்றால் ஸ்டெகோசர்கள் மற்ற இடங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டன. இது கிடைத்ததோ சுமார் 8.8 கோடி ஆண்டு பழைய, கடலில் படிந்த பாறையில். 1996இல் சட்டர்ஜியும் ருத்ராவும் இது டைனோசரே இல்லை, துடுப்புக்கால் கொண்ட கடல் ஊர்வனவான பிளீசியோசர் என்றார்கள். தலையோடும் தட்டுகளும் அப்படித் தெரியவில்லையே என்று மறுத்தவர்களும் உண்டு. பெயரைப் பார்த்து மேடையில் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதையும் படித்துவிட்டுப் பேசலாம்.

கடல்ல இருந்த ஊர்வன வேற என்னென்ன?

இதைக் கேட்டவர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரைக் களிமண்ணில் இக்தியோசர் பற்கள் கிடைத்திருக்கின்றன. பார்வைக்கு மீன் அல்லது ஓங்கில், பிறப்பில் ஊர்வன. அரியலூர்ப் பக்கத்து இக்தியோசரை ரிச்சர்ட் லைடெக்கர் 1879லேயே குறிப்பிட்டார். 2011இல் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் புதிதாகப் பற்களை விவரித்தார்கள். கூடவே விதவிதமான சுறாப் பற்கள். பெரிய எலும்பைத் தேடி அலைவதைவிட, மண்ணைச் சலித்துக் கிடைக்கும் சின்னப் பல்லை உருப்பெருக்கியில் பார்ப்பதில்தான் இந்தக் காலத்து வேலை அதிகம் நடக்கிறது. இக்தியோசர் பல் கூம்பு வடிவம், அடிப்பகுதியில் நெடுக்கு வரிகள் ஓடும். சுறாப் பல் தட்டை, ஓரம் கத்தி. மீன் வெட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும், கல்லூரி மாணவர்களுக்கு நாளாகும்.

கல்லமேட்டில் ஆமையும் கிடைத்தது. குர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ் என்று 2001இல் பெயரிட்டார்கள். நம் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு இது நேர் மூதாதை அல்ல, கழுத்தைப் பக்கவாட்டில் மடக்கும் வேறு கிளை. அதே ஊரில் 2013இல் பறவைக்கு நெருங்கிய ட்ரூடான் வகைச் சிறு டைனோசரின் ஒற்றைப் பல்லையும், மடகாஸ்கரில் வாழ்ந்த சைமோசூக்கஸை ஒத்த முதலையின் பற்களையும் பிரசாத், கோஸ்வாமி குழுவினர் அறிவித்தார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்ததற்கு இந்த முதலை நல்ல சாட்சி.

டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்புல வருதே?

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடைத்து, டைனோசர் முட்டை என்று வீடியோ ஓடியது. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றிச் சுண்ணாம்பும் மண்ணும் இறுகிய கட்டிகள் என்றார்கள். உடைத்தால் வெங்காயத்தோல் மாதிரி அடுக்காக இருந்தால் அது கட்டி. உண்மையான முட்டையில் மெல்லிய ஓடு தனியாகத் தெரியும், அதில் மூச்சுத் துளைகள் இருக்கும்.

நிஜ முட்டை வேண்டுமானால் நர்மதைப் பள்ளத்தாக்கு. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் இருப்பதை 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். அந்த மாவட்டத்து ஊர் ஒன்றில் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்டுவந்த உருண்டைக் கற்களும் டைனோசர் முட்டைகளே என்று ஆண்டின் இறுதியில் செய்தி வந்தது.

சவுக்கார்பேட்டை பூஜைக் கடையில விக்கிற சாளக்கிராமம்?

சக்கரம் தெரியும் சாளக்கிராமம் நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட். ஊர்வன அல்ல, கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு.

டி-ரெக்ஸ் இந்தியாவில் இருந்ததா?

இல்லை. அதற்குப் பதிலாக ராஜாசாரஸ் இருந்தது, குஜராத்தில், 2003இல் பெயரிட்டது.

நேர்ல பார்க்கணும்னா எங்க போகணும்?

முதலில் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் அது தொடங்கியதே பாறை, தாதுச் சேகரிப்போடுதான். புவியியல் கூடத்தில் அரியலூர்ச் சிப்பிகளும் கல்மரங்களும், வேறு கூடத்தில் ஃபூட் சேகரித்த கல் ஆயுதங்களும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை போய் ஏமாறாதீர்கள், விடுமுறை. பூண்டியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, செங்குன்றம், திருவள்ளூர் வழியாகப் போய்வரலாம். அரியலூர் பக்கம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. முழு டைனோசர் எலும்புக்கூடு பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகம்தான். அங்கே நிற்கும் கோட்டாசாரஸுக்கு 1988இல் பெயர் வைத்தவரும் நம் யாதகிரியே.

ஊருக்குப் போறப்போ எலும்பு மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா என்ன செய்யறது?

தோண்டாதீர்கள். முதலில் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ நாணயமோ வைத்துப் போட்டோ எடுங்கள், பிறகு தூர நின்று சுற்றுப்புறம் தெரிய இன்னொன்று. போனில் இடக்குறியீட்டைச் சேமித்துக்கொள்ளுங்கள். மண் நிறம், எந்த அடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது என்று எழுதிவையுங்கள், இடம் தெரியாத எலும்புக்கு ஆராய்ச்சியில் பாதி மதிப்புகூடக் கிடையாது. உடைந்த பக்கத்தில் தேன்கூடு மாதிரி துளைகள் தெரிந்தால் எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், கல்லமேட்டில் என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். ஜி.எஸ்.ஐ.யின் தமிழ்நாட்டு அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, எழும்பூர் அருங்காட்சியகத்தின் புவியியல் பிரிவிலும் கேட்கலாம். கூடவே அதை முதலில் பார்த்தவர் பெயரையும் எழுதிக் கொடுங்கள், அது உங்கள் வீட்டுப் பொடியனாக இருந்தாலும் சரி, ஆடு மேய்க்கும் பாட்டியாக இருந்தாலும் சரி.